ஏரிகள் வைத்திருக்கும் கணக்கு

'வண்டல்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை உண்டு. வெள்ளம் கொண்டுவந்து படியவிட்ட மண் வண்டல். சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் பாவையும் சிற்றிலும் செய்து ஆடும் விளையாட்டும் வண்டல்தான். வகுப்பறையில் இரண்டாவது பொருளுக்கு நேரம் ஒதுக்கும் நாம் முதற்பொருளை வேளாண்மைக் கல்லூரிக்காரர்களிடம் விட்டுவிடுகிறோம். 2024 டிசம்பருக்குப் பிறகு, திருவண்ணாமலையில் வசிக்கும் நமக்கு அப்படி விட்டுவிடுவது எளிதாக இல்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையின் சரிவொன்று பாறையும் மண்ணுமாக வ.உ.சி. நகர் வீடுகள்மேல் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதே மழையில் தென்பெண்ணையின் மேற்பகுதியில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் பல வயல்களில் பயிருக்குப் பதில் மணல் கிடந்தது. அவ்வாண்டு கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

இதன் பிறகு 'மண் அரிப்பு வரைபடம்' என்ற சொல் நம் ஊர்ப் பேச்சிலும் புழங்கத் தொடங்கியது. செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் இட்டால், எந்தச் சரிவில் எவ்வளவு மண் போகிறது என்று சிவப்பிலும் பச்சையிலும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. அந்த வண்ணங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பெரும்பாலும் இருப்பது ஒரு பெருக்கல் கணக்கு. அமெரிக்க வேளாண்துறைக்காக விஷ்மையர், ஸ்மித் இருவரும் 1965இல் வெளியிட்டு 1978இல் திருத்திய 'பொது மண் இழப்புச் சமன்பாடு' அது. மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் இளக்கம், சரிவின் நீளம், சரிவின் சாய்வு, பயிர்மூடாக்கு, வரப்பு முதலிய காப்புமுறை ஆகிய ஆறையும் பெருக்கினால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு எத்தனை டன் மண் பெயரும் என்ற எண் வரும். அதன் அடிப்படை அளவை 72.6 அடி நீளமும் 9 விழுக்காடு சாய்வும் கொண்ட, உழுது தரிசாக விட்ட ஒரு பாத்தி. அமெரிக்க வயல்களில் இத்தகைய பாத்திகளின் கீழ்முனையில் தொட்டி கட்டி, வந்து சேர்ந்த மண்ணைப் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்துத் தேறியது அந்தக் கணக்கு. நிறுத்துப் பார்த்தார்கள் என்பதே அதன் பெருமை. அந்தப் பொறுமையின் முன் நாம் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஆனால் அதை ஆக்கியவர்களே அதற்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். அது தருவது நீண்டகாலச் சராசரி. ஓர் இரவின் மழைக்கு அது பேசாது. நீரோட்டம் பரவலாகவும் சிறு கீற்றுகளாகவும் வழித்துச் செல்லும் மண்ணையே அது கணக்கிடும். ஓடை குடைவதும் ஆற்றங்கரை இடிவதும் அதில் சேராது. மலைச்சரிவு மொத்தமாக நழுவுவது முற்றிலும் வேறு இயற்பியல். ஆகவே அரிப்பு வரைபடத்தைக் காட்டி வ.உ.சி. நகர்ச் சரிவு பாதுகாப்பானது என்றோ ஆபத்தானது என்றோ யாராவது சொன்னால், அந்தக் கருவி சொல்லாததை அவர் சொல்கிறார் என்று பொருள்.

இன்னொரு இடைவெளி இதைவிடப் பெரியது. பெயர்ந்த மண் எங்கே போனது? இந்தியாவில் ஆண்டுக்கு 533.4 கோடி டன் மண் பெயர்கிறது, ஹெக்டேருக்குச் சற்றேறக்குறைய 16 டன், என்பது 1983இல் துருவ நாராயணா, ராம் பாபு இருவரும் செய்த மதிப்பீடு. அதில் 29 விழுக்காடு கடலுக்கும் 10 விழுக்காடு அணைகளுக்கும் போகிறது என்றார்கள். மிஞ்சிய 61 விழுக்காடு ஓரிடம் விட்டு ஓரிடம் மாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. மேட்டு நிலத்தில் இழந்ததைப் பள்ளத்து நிலம் வாங்கிக்கொள்கிறது. பங்காளிச் சண்டையில் சொத்து கைமாறுவது போலத்தான். இந்தக் கைமாற்றத்தை மாதிரிகள் 'வண்டல் சேர்ப்பு விகிதம்' என்ற ஒற்றை எண்ணில் அடக்குகின்றன. அந்த எண்ணைப் பெரும்பாலும் வேறெங்கோ கண்ட சூத்திரத்திலிருந்து கடன் வாங்குகிறார்கள்.

கடன் வாங்க வேண்டிய நிலையில் நம் மாவட்டம் இல்லை என்பதே நம் கட்சி. விஷ்மையர் பாத்தியின் அடியில் கட்டிய தொட்டியை நம் முன்னோர் ஒவ்வொரு ஊரின் அடியிலும் கட்டிவைத்திருக்கிறார்கள். அதற்கு ஏரி என்று பெயர். செங்கம் நன்னனின் ஊர். அவனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர் போகும் மலைவழியில் வழுக்கும் பாறையையும் கவண்கல்லையும் எச்சரிக்கிறது; சேயாற்றையும் பாடுகிறது. அந்த மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் ஆற்றைச் சேருமுன் ஏரிக்கு ஏரி கலிங்கு தாண்டி வருகின்றன. ஒவ்வோர் ஏரியும் தன் மேற்புறத்து நிலம் இழந்த மண்ணில் ஒரு பங்கைப் பிடித்து, அடுக்கடுக்காக வைத்திருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, 40 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியில் நூறாண்டில் சராசரி கால் மீட்டர் வண்டல் ஏறியது என்போம். அது ஒரு லட்சம் கன மீட்டர். நீர்வரத்துப் பரப்பு 500 ஹெக்டேர் என்றால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 2 கன மீட்டர், அதாவது இரண்டரை டன் போல. மேலே மாதிரி 16 டன் என்று சொல்லி, கீழே ஏரி இரண்டரை டன் என்று சொன்னால், நடுவில் இருப்பதுதான் நமக்குத் தேவையான எண். கலிங்கு வழியே தப்பிய நுண்மண்ணையும் இடையில் தூர்வாரிய அளவையும் சேர்த்துத் திருத்த வேண்டும், அது செய்யக்கூடியதே. பழைய கொள்ளளவுக்கு, 1883இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் வழிவந்த ஏரிக் குறிப்பேடுகள் இருக்கின்றன. அடுக்கின் வயதை அறிய இன்னொரு வழியும் உண்டு: வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் தூவிய சீசியம்-137. அது உச்சமாக விழுந்தது 1963 வாக்கில். அந்த அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அதன் மேலே உள்ளதெல்லாம் அதற்குப் பின் வந்த மண். மாடு மிதித்துக் கலக்கிய ஏரிகளில் கோடு மங்கும், எல்லா ஏரியும் அப்படியல்ல.

இந்த ஏட்டைத்தான் இப்போது படிக்காமலே அள்ளிக்கொண்டிருக்கிறோம். ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017இல் விதி திருத்தப்பட்டது; 2024இல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று மேலும் எளிதாயிற்று. இரண்டும் நல்ல காரியம். கரம்பை அடித்த நிலத்தின் அருமை உழுபவனுக்குத் தெரியும். இழந்த மண் மேட்டுக்குத் திரும்புவதைப்போல் நியாயம் வேறில்லை. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரி தோண்டி மண்ணைக் கரையில் இடுவதற்கென்றே நெல்லும் நிலமும் பொன்னும் வைத்திருக்கிறார்கள். மண் எடுக்க ஓடம் விடவும் கொடை உண்டு. உத்தரமேரூர்ச் சபை ஏரிக்கெனத் தனி வாரியமே வைத்திருந்தது. அவர்கள் அள்ளியதும் ஓர் ஒழுங்கில் நடந்தது.

இன்று அனுமதிச் சீட்டில் எத்தனை லோடு என்று இருக்கும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், அடியில் பழைய தரை எங்கே தட்டியது என்பதற்கு இடமில்லை. பொக்லைன் இறங்கிய மறுநாள் நூறாண்டுக் கணக்கு டிராக்டரில் ஏறிப் போய்விடுகிறது. பிறகு லட்சக்கணக்கில் செலவிட்டு மாதிரி செய்து, சரிபார்க்கத் தரவு இல்லை என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறோம்.

நாம் கேட்பது சிறியது. அள்ளுவதற்கு முன் ஏரிக்குப் பத்துக் குழி; குழிக்கு ஓர் அளவுகோல், ஒரு நிழற்படம், அடுக்குக்கு ஒரு பிடி மண். விவசாயிக்கு இதனால் ஒருநாள் தாமதம்கூட ஆகக்கூடாது. ஆனால் திட்டம் கெடும். புவியியல் படிக்கும் மாணவர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்கும் ஏற்ற வேலை இது. கல்வெட்டு படியெடுக்கப் போகும் நம் தமிழ் மாணவர்களும் உடன் போகலாம், மடைத்தூணில் எழுத்திருந்தால் அதையும் பார்த்து வருவார்கள். குழி போட ஏற்ற மாதங்கள் ஏப்ரலும் மேயும். அனுமதிச் சீட்டில் ஆழத்துக்கு ஒரு கட்டம் சேர்க்க அதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகங்களில் பேசியாக வேண்டும்.