ஸ்பிண்டில் பேரிங் மாற்றத்துக்குப் பொதுப்பணம்: சத்தத்தை அளந்த பிறகே

நூற்பாலைகளைப் புதுப்பிக்க அரசு தரும் உதவியில், நூல் நூற்கும் ரிங் பிரேம்களின் தேய்ந்த ஸ்பிண்டில் பேரிங்குகளை மாற்றும் செலவையும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறோம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஷெட்டின் சத்தத்தை அளந்து, குறைந்திருப்பதைக் காட்டாத ஆலைக்கு அந்தப் பணம் போகக்கூடாது.

நாங்கள் ஆலை முதலாளிகளும் இல்லை, இயந்திரம் விற்பவர்களும் இல்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கமிருந்தும் கல்வராயன் மலை ஊர்களிலிருந்தும் மில் வேலைக்குப் போய் வந்த பெண்கள், பிரேம்களைப் பழுது பார்க்கும் பிட்டர்கள், அந்தப் பெண்களில் பலருக்குப் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியர்கள் ஆகியோர் சேர்ந்த அமைப்பு இது. எங்கள் வட்டாரத்தில் பருத்தி விளைகிறது, கள்ளக்குறிச்சியில் ஏலமும் போகிறது. நூற்கும் ஆலைகள் பெரும்பாலும் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் இருக்கின்றன. பஞ்சு லாரியில் போகிற திசையிலேயே எங்கள் பிள்ளைகளும் பஸ் ஏறுகிறார்கள். விடுதியில் தங்கி இரண்டு மூன்று வருஷம் ரிங் பிரேமின் பக்கங்களைக் கவனிக்கும் சைடு வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குச் சேர்ந்த பணத்தோடு வெள்ளிமலைக்கோ கச்சிராயபாளையத்துக்கோ திரும்புகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு இருந்த சுமங்கலித் திட்டம் என்ற பெயர் இப்போது பலர் வாயில் வருவதில்லை. போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை.

இந்தியாவில் ஓடும் ஸ்பிண்டில்களில் ஏறக்குறையப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. அத்தனையும் ஓடுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேரிங்கை நம்பித்தான். அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் எங்கள் கோரிக்கையை விளக்க முடியாது.

ரிங் பிரேமில் நூல் சுற்றும் பாபின் மாட்டியிருக்கும் ஸ்பிண்டிலைத் தூக்கிப் பார்த்தால், கீழே ஊசி மாதிரி கூம்பிய எஃகுத் தண்டு தெரியும். போல்ஸ்டர் என்கிற குழலுக்குள் எண்ணெயில் அது நிற்கிறது. மேலே கழுத்துப் பகுதியைச் சின்னச் சின்ன உருளைகள் சுற்றிப் பிடித்திருக்கும். அது நெக் பேரிங். அடியில் தண்டின் நுனி உட்காரும் கிண்ணம் ஃபுட்ஸ்டெப் பேரிங். இரண்டுக்கும் நடுவில், அதிர்வை வாங்கிக்கொள்ள எண்ணெய் நிறைந்த சுருள் ஒன்று இருக்கும். நிமிஷத்துக்கு 18,000 சுற்று என்று வைத்தால், எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு ஸ்பிண்டில் 86 லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. இப்படி ஆயிரம், அதற்கு மேலும்கூட ஒரே பிரேமில் இருக்கும். ஷெட்டில் அப்படிப் பல பிரேம்கள்.

உருளை தேய்ந்தாலோ எண்ணெய் கெட்டாலோ தண்டு ஆட ஆரம்பிக்கும். ஆடினால் ஸ்பிண்டில் தன்னைச் சுற்றியுள்ள ரிங்கின் நடுவில் நிற்காது. ஒரு பக்கம் நூலின் இழுப்பு கூடும், மறுபக்கம் தளரும். நூலில் ரோமம் கிளம்பும், அடிக்கடி அறுந்தும் போகும். அறுந்ததை ஒட்டப் போகிறவள் சைடர். ஒரே ஸ்பிண்டில் மணிக்கு நாலு தடவை அறுந்தால், அந்த ஒன்றுக்காக அவள் பிரேமின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறாள். எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிட்டரிடம் சொல்லியும் இருப்பாள். அனுபவமுள்ள பிட்டர் ஸ்குரூ டிரைவர் நுனியைப் போல்ஸ்டர் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பார். சீரான ரீங்காரம் வந்தால் விட்டுவிடுவார். கரகரப்பு வந்தால் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். உதிரி பாகம் ஸ்டோரில் இருந்தால் அடுத்த வாரம் மாறும். இல்லையென்றால் எண்ணெய் ஊற்றி ஓட்டுவார்கள்.

எண்ணெய் ஊற்றுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புவதே சரியான முறை. அவசரத்தில் மேலாக ஊற்றினால் தேய்ந்த இரும்புத் தூளும் பஞ்சுத் தூசும் அடியிலேயே தங்கும். புது எண்ணெய் அதில் கலந்து கெடும். அளவு மீறினால் வழிந்து, ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப்பை நனைக்கும். டேப் நழுவினால் ஸ்பிண்டில் வேகம் குறையும், முறுக்கு குறைந்த நூல் பாபினில் ஏறும். துணி சாயத்துக்குப் போன பிறகுதான் பட்டை பட்டையாக அந்தக் கோளாறு தெரியும். எண்ணெய் வாங்கும்போது லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஆலைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

தொழில்நுட்பம் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1870-களில் அமெரிக்காவில் ராபெத் கொண்டுவந்த புதிய ஸ்பிண்டில், தண்டு தன் சுழல் மையத்தைத் தானே தேடிக்கொள்ளும்படி தாங்கிக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்தது. அதுவரை எட்டாத வேகம் அதனால் எட்டியது. பேரிங் தொழிலின் பெரிய நிறுவனம் ஒன்று துணி ஆலையில் வேர்விட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஆலை ஒன்றில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். களிமண் தரை அமுங்க அமுங்க ஷாஃப்ட் கோணிக்கொண்டது, பேரிங்குகள் தொடர்ந்து கெட்டுப்போயின. கோணலுக்குத் தக்கபடி தன்னைத் திருப்பிக்கொள்ளும் பேரிங்கை அவர் வடிவமைத்தார். 1907-இல் எஸ்.கே.எஃப். நிறுவனம் தொடங்கியது அப்படித்தான்.

நம் காலத்துக்கு வந்தால், நெக் பேரிங்கின் விட்டம் 7.8 மில்லிமீட்டரிலிருந்து 6.8-க்கும், அதிலிருந்து 5.8-க்கும் இறங்கியிருக்கிறது. கழுத்து மெலிந்தால் டேப் ஓடும் வார்வ் என்ற கப்பியையும் சிறிதாக்கலாம். அதே ஸ்பிண்டில் வேகத்துக்கு டேப் மெதுவாக ஓடினால் போதும், மின்சாரம் மிச்சம். நூற்பாலையின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை ரிங் பிரேம்களே குடிப்பதால், இந்த மிச்சத்தை எந்த முதலாளியும் தள்ளிவிட மாட்டார். அடுத்தடுத்து இரண்டு உறை வைத்து அதிர்வைப் பிரேமின் சட்டத்துக்குக் கடத்தாமல் தடுக்கும் ஸ்பிண்டில்களும் சந்தையில் உண்டு. அவை சத்தத்தைக் குறைக்கவென்றே செய்யப்பட்டவை.

ஆக, ஒரே பாகத்தில் மூன்று ஆதாயங்கள் கிடைக்கின்றன: வேகம், மின்சார மிச்சம், அமைதி. முதல் இரண்டும் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறுகின்றன. மூன்றாவதுக்கு அங்கே பக்கமே இல்லை. எங்கள் தகராறு அதில்தான்.

சத்தத்தால் வரும் செவிக்குறைபாடு மெதுவாக வருவது. முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில் காது மழுங்கும். பேச்சு கேட்கும், ஆனால் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். ஷிஃப்ட் முடிந்து வரும் காதிரைச்சல் காலையில் அடங்கிவிடுவதால், ஆபத்து இல்லை என்றே வேலை பார்க்கும் பெண் நினைத்துக்கொள்வாள். பாதிப்பு வெளியே தெரியும்போது அவள் ஆலையை விட்டு வந்திருப்பாள். வீட்டில் 'கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, திமிரு' என்று பேச்சு வாங்குவாள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே சத்தத்தால் வரும் செவிக்குறைபாடு தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. இரண்டு மூன்று வருஷத்தில் ஆள் மாறும் ஆலையில் யாருடைய நோயை யார் தெரிவிப்பது? பேரிங் மாற்றாததில் மிஞ்சிய பணம் ஆலையில் நிற்கிறது. அதற்கான விலையைக் கல்வராயன் மலையில் ஒரு குடும்பம் கொடுக்கிறது.

தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் வைத்த வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். உலகில் பல நாடுகளின் தொழில்நல அமைப்புகள் 85-ஐப் பரிந்துரைக்கின்றன. ஐந்துதானே வித்தியாசம் என்று தோன்றலாம். டெசிபல் கணக்கில் அந்த ஐந்து, ஒலியாற்றலில் மூன்று மடங்குக்கும் மேல். தவிர 90 என்பதும் எட்டு மணி நேரத்துக்குத்தான். விடுதிப் பெண்களின் வேலை பல இடங்களில் எட்டு மணி நேரத்தோடு முடிவதில்லை.

இங்கே ஆலைகளுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கணக்குத் தகராறு உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்கிறோம். கெட்ட ஸ்பிண்டிலை மட்டும் பார்த்துப் பார்த்து மாற்றினால் போதாதா என்று கேட்கிறார்கள். நூலின் தரத்துக்கு அது போதும். காதுக்குப் போதாது. ஆயிரம் ஸ்பிண்டில் ஒரே அளவில் சத்தம் போடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூற்றை அடியோடு மௌனமாக்கினாலும் மீட்டரில் 3 டெசிபல்தான் இறங்கும். பத்து டெசிபல் இறங்கத் தொள்ளாயிரத்தை மௌனமாக்க வேண்டும். அதனால்தான் ஷெட் முழுவதையும் ஒரு திட்டமாக எடுத்து மாற்றச் சொல்கிறோம், அதற்குப் பொதுப்பணம் கேட்கிறோம். சிறு ஆலைகள் நூல் விலைக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவில் திணறுவது எங்களுக்குத் தெரியாததில்லை. சொந்தக் கையிலிருந்து மொத்தமாக மாற்று என்று அவர்களிடம் சொன்னால், நடக்காததைக் கேட்பதாகிவிடும்.

பேரிங் மட்டும் மாறினால் ஷெட் அமைதியாகிவிடாது என்பதும் உண்மை. ரிங்கில் ஓடும் டிராவலர், டிராஃப்டிங் பகுதியின் பல்சக்கரங்கள், உறிஞ்சு விசிறி, ஈரப்பதக் கருவி எல்லாம் சேர்ந்துதான் அந்த இரைச்சல். ஆகவே காதடைப்பான் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் காதடைப்பானைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எழுதுவதையும் ஏற்க மாட்டோம். வியர்வையும் பஞ்சும் நிறைந்த இடத்தில் அதை எட்டு மணி நேரம் காதில் வைத்திருக்கச் சொல்கிறவர், ஒரு நாள் தானே வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு பயமும் எங்களுக்கு இருக்கிறது. நல்ல பேரிங் போட்டதும் அடுத்த நாளே வேகத்தைக் கூட்டுவார்கள். 16,000-இல் ஓடியது 18,000-இல் ஓடும். புதிய பேரிங் குறைத்த சத்தத்தில் ஒரு பங்கைக் கூடிய வேகம் திரும்பக் கொண்டுவந்துவிடும். நூல் அறுப்பு குறைந்ததைக் காட்டி ஒரு பெண்ணுக்கு இன்னும் இரண்டு சைடு சேர்ப்பார்கள். அளவீடு உற்பத்தி வேகத்தில்தான் நடக்க வேண்டும் என்று நாங்கள் அழுத்திக் கேட்பது இதற்காக. மெதுவாக ஓட்டி அளந்து சான்றிதழ் வாங்கிவிட்டு, பிறகு வேகம் கூட்டும் வழியை விதியே அடைத்துவிட வேண்டும். சைடுகளைக் கூட்டுவதாக இருந்தால் அது தனிப் பேச்சுவார்த்தை. மானியத்தின் நிழலில் நடக்கக்கூடாது.

இயந்திரத்தின் தகுதியில் அதை இயக்குகிறவரின் உடம்பையும் சேர்ப்பது புதுமையான யோசனை இல்லை. 1929-இல் மேம்பட்ட கைராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று காந்தியின் அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தபோது, நூலின் அளவையும் ராட்டையின் விலையையும் மட்டும் நிபந்தனையாக வைக்கவில்லை. ஒரு பெண் எட்டு மணி நேரம் பெரிய சிரமமில்லாமல் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பரிசு யாருக்கும் போகவில்லை. பின்னாளில் அம்பர் சர்க்கா என்ற மேம்பட்ட கைராட்டையை உருவாக்கிய ஏகாம்பரநாதன் தமிழ்நாட்டுக்காரர். கைராட்டைக்கு வைத்த நிபந்தனையை, பல நூறு குதிரைசக்தியில் ஓடும் ஷெட்டுக்கு வைக்க நமக்கு ஏன் தயக்கம்?

மத்திய அரசு 1999-இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் பெரும்பாலும் புது இயந்திரம் வாங்குகிறவர்களுக்கே உதவின. பத்துப் பதினைந்து வருஷப் பிரேமின் உடலை வைத்துக்கொண்டு ஸ்பிண்டிலை மட்டும் மாற்ற நினைக்கும் சிறு ஆலைக்கு இனி வரும் திட்டங்களில் தனி இடம் வேண்டும். அளவீட்டு முறையை வகுக்கும் பொறுப்பை, 1956 முதல் கோவையில் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்திடம், அதாவது சிட்ராவிடம், அரசு ஒப்படைக்கலாம். ஆலைகள் அதன் சொல்லை மதிக்கின்றன. அளவீட்டு முடிவு ஷெட் வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

எங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது வேறு. சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மில் வேலைக்குக் கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் செவித்திறன் சோதனையை அங்கே இலவசமாகச் செய்து, முடிவைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், மாதத்துக்கு ஒரு நாளாவது சோதனைக் கருவி வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். மலைப் பிள்ளைகள் படிக்கும் ஐ.டி.ஐ.-களில் பிட்டர் பிரிவுக்கு ஸ்பிண்டில் பராமரிப்பைப் பாடமாகச் சேர்த்தால், சைடராக மட்டுமே ஆலைக்குள் நுழையும் எங்கள் பெண்களில் சிலராவது போல்ஸ்டரைக் கழற்றி மாட்டும் வேலைக்கும் போவார்கள்.

இந்த அறிக்கையை ஆலை உரிமையாளர் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கைத்தறி, துணிநூல் துறைக்கும் அனுப்புகிறோம். அளவீட்டுக்கு வாசல் திறக்கும் ஆலையோடு சேர்ந்து மானியத்துக்கு நாங்களும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்போம். மீட்டரை உள்ளே விடாத ஆலையின் விண்ணப்பத்தை எதிர்த்துத் துறைக்கு எழுதுவோம்.