மீட்டர் ஓடுது மச்சி!

சென்னை ஆட்டோ மீட்டருக்கும் 'கிளவுட்' மீட்டருக்கும் என்ன வித்தியாசம்? அதைப் போடவே மாட்டாங்க... இது நிக்கவே நிக்காது!

ஜோக் ஓவர். இனி மேட்டருக்கு வருவோம். 'கிளவுட்டா? அது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாசாரம்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. மெக்கானிக்கல், பி.காம்., விஸ்காம்னு நீங்க எந்த குரூப்பா இருந்தாலும் சரி, நாளைக்கு வேலைக்குச் சேரப்போற கம்பெனி பெரும்பாலும் தன் சர்வரை வாடகைக்குத்தான் எடுத்திருக்கும். அந்த வாடகையை யார் கவனிக்கிறாங்க? இந்த வாரக் கேள்வி அதுதான்.

முதல்ல கொஞ்சம் ஃபிளாஷ்பேக். 2006 மார்ச்சில் அமேசான் 'எஸ்3' என்று ஒரு சேவையை ஆரம்பித்தது. உங்க ஃபைல்களை எங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கோங்க, வச்சிருக்கிற அளவுக்குக் காசு கொடுங்க என்பதுதான் டீலிங். அதே வருஷம் ஆகஸ்ட்டில் 'ஈசி2'. கம்ப்யூட்டரையே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். பிறகு மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லாம் களத்தில் குதித்தன.

இதில் நிஜமாவே நல்ல விஷயம் இருக்கு. யூனிவர்சிட்டி ரிசல்ட் வெளியாகிற நாளை நினைச்சுப் பாருங்க. அன்னைக்கு ஒருநாள் மட்டும் லட்சக்கணக்கான பேர் ஒரே சைட்டை முட்டுவாங்க. அந்த ஒருநாள் கூத்துக்காக நூறு சர்வர் வாங்கிப் போட்டா மீதி நாளெல்லாம் சும்மா தூங்கும். வாடகைன்னா ரெண்டு நாளைக்கு எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடலாம். செம ஐடியா! ஆனா, அந்தக் கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம்... 'திருப்பிக் கொடுத்துடலாம்'. கொடுக்கணுமே!

பட்டன் ஒருத்தர்... பில் இன்னொருத்தர்!

அந்தக் காலத்துல கம்பெனியில ஒரு சர்வர் வாங்கணும்னா, லெட்டர் எழுதணும், மூணு கொட்டேஷன் வாங்கணும், மேனேஜர் கையெழுத்து, அப்புறம் அக்கவுன்ட்ஸ் கையெழுத்து... சர்வர் வந்து சேர்றதுக்குள்ள வாரக்கணக்குல ஆகிடும். கடுப்பான வழிதான். ஆனா, அந்தக் கடுப்புக்குள்ள ஒரு பூட்டு இருந்தது. செலவு நடக்கிறதுக்கு முன்னாடி நாலு பேர் 'இது தேவைதானா?'ன்னு கேட்டாங்க.

கிளவுட் அந்தப் பூட்டைக் கழட்டிடுச்சு. நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் நாலு க்ளிக்கில் பெரிய மெஷினை ஆன் பண்ணலாம். அவனுக்கு அதோட விலை தெரியாது. மாசக் கடைசியில பில் பார்க்கிற அக்கவுன்டன்ட்டுக்கு விலை தெரியும்; ஆனா, அந்த மெஷின் எதுக்கு ஓடுது, நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியாது. நடுவுல பணம் மட்டும் போய்க்கிட்டே இருக்கு.

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். மெஸ் பில்லோட கரன்ட் பில்லையும் சேர்த்து எல்லாருக்கும் சமமாப் பிரிக்கிற ஹாஸ்டல்ல, பூட்டின ரூமுக்குள்ள ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும். அதே பசங்க வெளியே ரூம் எடுத்து, வீட்டு ஓனர் சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்ளோன்னு வசூல் பண்ண ஆரம்பிச்சா? பல் விளக்கப் போகும்போதுகூட லைட்டை அணைச்சுட்டுப் போவாங்க! பசங்க மாறலை. மீட்டர் அவங்க கண்ணு முன்னாடி வந்துச்சு, அவ்ளோதான்.

ஒரு சின்ன கணக்கு

கால்குலேட்டர் எடுங்க. ஒரு கம்பெனியில டெஸ்டிங்குக்கு மட்டும் 20 மெஷின் இருக்குன்னு வச்சுக்குவோம். அமேசானில் 'எம்5.எக்ஸ்லார்ஜ்' என்ற நடுத்தர சைஸ். அமெரிக்காவின் வர்ஜீனியா டேட்டா சென்டரில், லினக்ஸோட, மணிக்கு 0.192 டாலர். கேட்டா சில்லறை மாதிரிதான் இருக்கு. மாசத்துக்கு 730 மணி நேரம்னு போட்டா, ஒரு மெஷினுக்கு 140 டாலர். 20 மெஷினுக்கு 2,800 டாலர்.

இப்ப யோசிங்க. டெஸ்டிங் டீம் வேலை பார்க்கிறது வாரத்துல 5 நாள், நாளைக்கு 10 மணி நேரம். மொத்தம் 50 மணி நேரம். ஆனா, வாரத்துக்கு 168 மணி நேரம் இருக்கே! மீதி 118 மணி நேரமும் ராத்திரி, சனி, ஞாயிறுன்னு பூட்டின ரூமுக்குள்ள ஃபேன் ஓடுது. அதாவது, கட்டுற காசுல 70 சதவிகிதம் தூங்குற மெஷினுக்கு!

ராத்திரி தானா அணைஞ்சு, காலையில தானா ஆன் ஆகுற மாதிரி ஒரு ஷெட்யூல் போட்டா வருஷத்துக்கு 23,000 டாலருக்கு மேல மிச்சம். ரூபாயில 20 லட்சத்தை ஒட்டி வரும். கேம்பஸ்ல 4 லட்சம் ஆஃபர்னு வச்சா, அஞ்சு ஃப்ரெஷ்ஷரோட ஒரு வருஷ சம்பளம் பாஸ்! மிச்சமான பணத்துல உடனே அஞ்சு பேரை எடுத்துடுவாங்கன்னு சொல்ல வரலை. ஆனா, 'பட்ஜெட் இல்லை, இந்த வருஷம் ஆள் எடுக்கலை'ன்னு சொல்ற ஒரு கம்பெனியில, ஞாயித்துக்கிழமை ராத்திரி யாருக்காக 20 மெஷின் ஓடுதுன்னு கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.

காசு கசியற இடங்கள்

தூங்குற மெஷின் மட்டும் இல்லை. இன்னும் சில ஓட்டைகள் இருக்கு.

மெஷினை 'ஸ்டாப்' பண்ணினா மெஷின் வாடகை நிக்கும். அதோட ஒட்டியிருக்கிற டிஸ்க் வாடகை நிக்காது. பல சமயம் மெஷினையே அழிச்ச பிறகும் டிஸ்க் மட்டும் அநாதையாக் கிடந்து மாசாமாசம் பில் போட்டுக்கிட்டே இருக்கும்.

2024 பிப்ரவரியில் இருந்து அமேசான், பொது ஐபி முகவரி ஒவ்வொண்ணுக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்குது. ஒண்ணுக்கு மாசம் 3.65 டாலர். ஆயிரம் முகவரி வச்சிருக்கிற கம்பெனிக்கு?

டேட்டாவை உள்ளே அனுப்ப பொதுவா காசு இல்லை. வெளியே எடுக்கத்தான் காசு. நம்ம ஊர் கண்காட்சியில என்ட்ரி ஃப்ரீன்னு போட்டுட்டு பார்க்கிங்ல தீட்டுவாங்களே, அதே டெக்னிக்!

அப்புறம் பழைய பழக்கம். 2020 டிசம்பரில் அமேசான் 'ஜிபி3' என்று புது டிஸ்க் வகையைக் கொண்டுவந்தது. பழைய 'ஜிபி2'-வைவிட ஒரு ஜிபிக்கு 20 சதவிகிதம் விலை கம்மி. ஆனா, ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிற டிஸ்க் தானா மாறாது. யாராவது உட்கார்ந்து மாத்தணும். மாத்தாத வரைக்கும் பழைய விலைதான்.

அமேசானே மாட்டிய கதை

'அதெல்லாம் கவனக்குறைவான கம்பெனிக்கு நடக்கும்'னு நினைக்காதீங்க. கடைக்காரர் வீட்டுலயே நடந்திருக்கு.

அமேசானின் பிரைம் வீடியோவில், லைவ் ஒளிபரப்புல படம் உறையுதா, சத்தம் பிசகுதான்னு சோதிக்கிற ஒரு கருவி இருக்கு. அதை முதலில் சின்னச் சின்னத் துண்டுகளா, கிளவுட் சேவைகளை ஒட்டவச்சுக் கட்டியிருந்தாங்க. பார்க்க அழகான டிசைன். ஆனா, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு வேலை மாறுற ஒவ்வொரு தடவையும் மீட்டர் ஓடும். ஒவ்வொரு செகண்டுக்கும் பல தடவை இப்படி மாறிச்சு. போதாக்குறைக்கு, வீடியோவிலிருந்து எடுத்த படங்களை எஸ்3-ல வச்சு, திரும்ப அங்கிருந்து எடுத்தாங்க. வைக்கவும் காசு, எடுக்கவும் காசு.

கடைசியில எல்லாத்தையும் ஒரே புரோகிராமுக்குள்ள கொண்டுவந்து, படங்களை மெமரியிலயே கைமாத்தினாங்க. செலவு 90 சதவிகிதம் குறைஞ்சதுன்னு 2023 மார்ச்சில் அந்த டீமே எழுதியது. மொத்த பிரைம் வீடியோவுக்கும் இல்லை, அந்த ஒரு கருவிக்கு மட்டும். ஆனாலும் 90 சதவிகிதம்!

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: இந்த மிச்சத்தை எந்த அக்கவுன்டன்ட்டும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. கோடு எழுதினவங்களாலதான் முடியும்.

மூட்டை கட்டிய கம்பெனிகள்

சிலர் 'வாடகையே வேண்டாம், சொந்த வீடு கட்டுறேன்'னு கிளம்பிட்டாங்க. டிராப்பாக்ஸ் 2015-16 வாக்கில் பெரும்பாலான யூஸர் ஃபைல்களை அமேசானிலிருந்து எடுத்து சொந்த டேட்டா சென்டருக்கு மாத்தியது. 2018-ல் பங்கு வெளியிடும்போது அது தாக்கல் செய்த ஆவணப்படி, ரெண்டு வருஷத்துல மிச்சமானது சுமார் 7.5 கோடி டாலர். 'பேஸ்கேம்ப்' சாஃப்ட்வேர் தயாரிக்கிற 37சிக்னல்ஸ் 2022-ல் கிளவுட்டுக்கு 32 லட்சம் டாலர் கட்டியது. பிறகு சொந்தமா சர்வர் வாங்கி மாறினாங்க. 2024-ல் பில் 13 லட்சம் டாலராக இறங்கிடுச்சு.

அப்ப எல்லாரும் வெளியே வந்துடணுமா? அவசரப்படாதீங்க. நெட்ஃப்ளிக்ஸ் கதை நேரெதிர். 2008 ஆகஸ்ட்டில் அவங்க சொந்த டேட்டாபேஸ் பழுதாகி, மூணு நாள் டி.வி.டி. அனுப்ப முடியாம தவிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அமேசானுக்கு மாற ஆரம்பிச்சு, 2016 ஜனவரியில் முடிச்சாங்க. உங்க வேலை எந்நேரமும் ஒரே அளவுல இருந்து, பராமரிக்க ஆளும் இருந்தா சொந்த வீடு லாபம். ஏறி இறங்கினா வாடகை லாபம். கணக்குப் போடாம எந்தப் பக்கம் போனாலும் ஆப்புதான்!

சப்-மீட்டர் மாட்டுங்க!

உருப்படியா நடத்துற கம்பெனிகள் என்ன பண்றாங்க? இதுக்கு 'ஃபின்ஆப்ஸ்'னு பேரே வச்சிருக்காங்க. 2019-ல் இதுக்காகவே ஒரு அமைப்பு உருவாகி, 2020-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனோட சேர்ந்தது. பேர் பந்தாவா இருந்தாலும் உள்ளே விஷயம் சிம்பிள்.

முதல் வேலை, ஒவ்வொரு மெஷினுக்கும் 'டேக்' ஒட்டுறது. எந்த டீம், எந்த புராஜெக்ட், யார் பொறுப்பு. பேர் இல்லாத மெஷினை அணைக்க யாருக்கும் தைரியம் வராது. 'இது என்னோடது இல்லை'ன்னு எல்லாரும் ஒதுங்க, அது பாட்டுக்கு ஓடும். ரெண்டாவது, ஒவ்வொரு டீமுக்கும் அவங்க பில்லை அவங்க கண்ணுல காட்டுறது. மூணாவது, வேண்டாததை அணைச்சு, பெரிசைச் சின்னதாக்கின பிறகு தள்ளுபடி வாங்குறது. ஒரு வருஷம் அல்லது மூணு வருஷம் 'இவ்ளோ கண்டிப்பா யூஸ் பண்ணுவேன்'னு எழுதிக் கொடுத்தா, 72 சதவிகிதம் வரைகூட அமேசான் குறைக்குது. இந்த வரிசையை மாத்திடாதீங்க. வீணாப் போறதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துட்டா, மூணு வருஷத்துக்கு வீணாப் போறதுக்கும் நீங்களே ஜவாப்தாரி!

இன்னொண்ணு, சிக்கனம்கிற பேர்ல பேக்கப்பை நிறுத்துறதும், பத்து டாலர் மிச்சம் பிடிக்க ஒரு இன்ஜினீயரை ஒரு வாரம் உட்கார வைக்கிறதும் கஞ்சத்தனம்கூட இல்லை... நஷ்டம்.

நம்ம பர்ஸுக்கு வருவோம்

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஜிபியு மெஷின் எடுக்கிறவங்க காதைக் கொடுங்க. 'ஜி4டிஎன்.எக்ஸ்லார்ஜ்' மணிக்கு 0.526 டாலர். டெமோ முடிஞ்ச சந்தோஷத்துல அணைக்காம ஊருக்குப் போயிட்டா, மாசம் 384 டாலர். 30,000 ரூபாய்க்கு மேல! கார்டு பெரும்பாலும் அப்பாவோடது. அதனால...

* பட்ஜெட் அலர்ட்டை முதல் நாளே போடுங்க. ஆனா, அது சத்தம் போடும், தானா அணைக்காது. அதுவும் சில மணி நேரம் லேட்டாத்தான் சத்தம் போடும்.

* சாவியை, அதாவது ஆக்ஸஸ் கீயை, கோடுக்குள்ள எழுதி கிட்ஹப்ல போடாதீங்க. அதைத் தேடுறதுக்குன்னே புரோகிராம்கள் சுத்துது. உங்க கணக்குல அடுத்தவன் காயின் தோண்டுவான், பில் உங்களுக்கு.

* வேலை முடிஞ்சா மெஷின், டிஸ்க், ஐபி முகவரி மூணையும் அழிங்க. வேற ரீஜன்ல ஏதாவது விட்டுட்டோமான்னும் பாருங்க.

* சீனியர் சொன்ன '12 மாசம் ஃப்ரீ' கதையை நம்பாதீங்க. 2025 ஜூலை 15-லிருந்து அமேசானில் புதுசாச் சேர்றவங்களுக்கு அது மாறிடுச்சு. 200 டாலர் வரை கிரெடிட், ஃப்ரீ திட்டம் 6 மாசம்.

* பில் எகிறிடுச்சுன்னா பயந்து ஒளியாதீங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு, உடனே அவங்க சப்போர்ட்டுக்கு எழுதுங்க.

இன்டர்வியூவில் 'புராஜெக்ட் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டா, எல்லாரும் என்னென்ன டெக்னாலஜின்னு அடுக்குவாங்க. நீங்க கூடவே, 'இதை ஒரு மாசம் ஓட்ட இவ்ளோ ஆகும் சார், இப்படிப் பண்ணினா பாதியாக் குறைக்கலாம்'னு ஒரு வரி சேர்த்துச் சொல்லிப் பாருங்க. எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்... ஏன்னா, போன மாச பில்லை அவர் பார்த்திருப்பார்!