உரக்கடைக்கு வராத பரிந்துரை

மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. உழவன் செயலி 2018-ல். ‘தமிழ் மண்வளம்’ இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் மண்ணின் நிலவரம் கைபேசிக்கே வருகிறது. இருந்தும், டெல்டாவில் சம்பா நட்டு முடித்ததும் யூரியாவுக்குத்தான் அலைமோதுகிறார்கள். விவசாயிக்கு விழிப்புணர்வு போதாது என்ற பழைய பல்லவியை என்னால் ஏற்க முடியவில்லை. மழை நிலவரத்தையும் நெல் விலையையும் கைபேசியில் நாள் தவறாமல் பார்ப்பவர்தான் அவர்.

பாசனப் பகுதியில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்றுதான் மண்வள அட்டைத் திட்டத்தை வகுத்தார்கள். அது ஆறு ஏக்கருக்கும் மேல். டெல்டாவில் பல பேருடைய வயல். ஒருவர் ஆட்டுக்கிடை போட்டிருப்பார். பக்கத்து வயலில் பல வருஷமாக யூரியாவைத் தவிர எதுவும் விழுந்திருக்காது. இரண்டுக்கும் ஒரே முடிவு என்றால் யார் நம்புவார்கள்?

நம்பியவரும் உரக்கடையில் தடுமாறுகிறார். அட்டையின் பரிந்துரை யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் என்று சொல்லியிருக்கும். கடையில் அன்று இருப்பது 20:20:0:13 காம்ப்ளக்ஸ். அந்த 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 10 கிலோ; சாம்பல்சத்து அறவே இல்லை. ஒரு மூட்டை காம்ப்ளக்ஸ் போட்டால் ஏறக்குறைய அரை மூட்டை யூரியாவைக் குறைக்கலாம். இந்தக் கணக்கை அந்த இடத்தில் யார் போட்டுச் சொல்வது? பதில் சொல்பவர் கடைக்காரர். பல ஊர்களில் உரத்தைக் கடனாகத் தருபவரும் அவரேதான்.

விலையும் எதிர்த்திசையில் இழுக்கிறது. 45 கிலோ யூரியா 266.50 ரூபாய், 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் 2010-ல் வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அந்தக் கோணலை எந்தச் செயலியும் நிமிர்த்தாது.

ஆனால், 2018 முதல் நாடெங்கும் மானிய உரம் விற்பனைக் கருவியில் பதிவாகித்தான் கைமாறுகிறது. செயலியைத் திறக்காதவரும் அதில் விரல் வைக்கிறார். மண்வளத் தரவை அந்தக் கருவியோடு இணைத்து, அன்று இருப்பில் உள்ள உரத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று ரசீதிலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பட்டா கேட்கக் கூடாது. சர்வே எண்ணைச் சொன்னாலே போதும் என்றிருந்தால்தான் குத்தகை விவசாயிக்கும் அது கிடைக்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் வரும் சம்பாவுக்கே இதைத் தொடங்கலாம்.