மூணு நாளில் வைத்தியராம்! மூலிகை விளைவிச்சவனுக்கு நாமமாம்!

உழவர் பெருமக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

சங்கத்து நோட்டீஸ் என்றால் தண்ணி, கரண்ட், கடன், கொள்முதல் விலை இதுதான் இருக்கும். இந்தத் தடவை மூலிகையைப் பற்றி எழுதுகிறேன். "செயலாளருக்கு வேற வேலை இல்லீங்களா?" என்று சிலர் கேட்பீங்க. கடைசி வரைக்கும் படிச்சுப்போட்டுக் கேளுங்க.

போன தை மாசம் பக்கத்து டவுன் கல்யாண மண்டபம் ஒன்றில் "மூன்று நாள் மூலிகை வைத்தியப் பயிற்சி, சான்றிதழ் உண்டு" என்று போர்டு வைத்தார்கள். கட்டணம் ஆறாயிரம் ரூபாய். என் தம்பி மகன் வேலைவெட்டி இல்லாமல் இருந்த பையன், ஆடு வித்த காசைக் கட்டிப் போனான். மூணு நாளும் திரையில் படம் காட்டினார்களாம். ஒரு செடியைக்கூடக் கையில் தொடவில்லை. கடைசி நாள் மதியம் டப்பா டப்பாவாகச் சூரணம், லேகியம் எடுத்து வைத்து, "இதை வாங்கி வித்துக் கொடு, பத்துப் பேரைச் சேர்த்து விடு, கமிஷன் உண்டு" என்றார்களாம். பையன் தங்கக் கரை போட்ட சான்றிதழோடு வந்தான். வாய்க்கால் வரப்புக்குக் கூட்டிப்போய், "கீழாநெல்லி எதுடா?" என்று கேட்டேன். அவன் பிடுங்கிக் காட்டியது மேலாநெல்லி. இவன் நாளைக்கு மஞ்சக்காமாலைக்காரனுக்கு மருந்து கொடுப்பான். அந்த மண்டபத்துக்காரன் அடுத்த ஊரில் போர்டு வைப்பான்.

இப்போ இன்னொரு ஆளைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பண்டிதர் இருந்தார். அவர் அம்மா ஊருக்கே பிரசவம் பார்த்தவர். பண்டிதர் பத்து வயசில் அப்பன் பின்னால் பை தூக்கிக் காட்டுக்கு நடந்தவர். எந்தச் செடியை எந்த மாசம் பறிக்கணும், எதை நிழலில் காய வைக்கணும், எதைச் சுத்தி செய்யாமல் தொடவே கூடாது என்று பன்னிரண்டு வருஷம் கற்றுக்கொண்ட பிறகுதான் அப்பன் அவரைத் தனியாக மருந்து கொடுக்க விட்டாராம். என் அப்பாருக்குப் பாம்பு கடித்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் பண்டிதரைத்தான் கூப்பிட்டார்கள். வந்தவர் கட்டைப் பார்த்தார், "இது என் கையில இல்லீங்க, இப்பவே வண்டியைக் கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று விரட்டினார். அப்பாரு பிழைத்தார். தன் கைக்கு எட்டாதது எது என்று தெரிந்தவன்தான் வைத்தியன். மூணு நாள் வகுப்பில் அந்தப் பாடம் கிடையாது.

அந்தப் பண்டிதரை நாம் எப்படி நடத்தினோம்? திண்ணைக்குக் கீழேதானே நிறுத்தினோம்! வருஷத்துக்கு ஒருக்கா களத்தில் கொஞ்சம் தானியம் அளந்து போட்டோம். "உம் மகனுக்கும் சொல்லிக் குடு" என்று நாம் சொன்னபோது அவர் சிரித்தார். மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். போனது சரி. மரியாதையும் கூலியும் இல்லாத வித்தையை எவன் தலையில் சுமப்பான்? பாட்டன் அறிவு அழிந்துபோச்சு என்று மேடையில் அழுகிற நாம்தான் அதை அழித்ததில் முதல் பங்காளி.

இரண்டாவது பங்கும் நம்முடையதுதான். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பற்படாகம் எல்லாம் எங்கே இருந்தது? வரப்பில் இருந்தது. களைவெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று களைக்கொல்லி அடித்தோம். கூலி மிச்சமாச்சு, மருந்தும் போச்சு. நானும் அடித்தவன்தான், மறைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பதிவு பெறாத பாரம்பரிய வைத்தியர்கள் தொழில் செய்ய முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிரோடு விளையாடுகிறவர்களைத் தடுக்க வேண்டியதுதான், நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. ஐந்தரை வருஷம் படித்து வருகிற சித்த மருத்துவர்களை மதிக்கிறோம். நம் கேள்வி ஒன்றுதான். முப்பது வருஷம் செடி தெரிந்தவர் வாயைத் திறந்தால் போலி. மண்டபம் பிடித்து மூணு நாளில் சான்றிதழ் விற்கிறவனை ஏன் என்று கேட்க நாதி இல்லை. இது என்ன நியாயம்?

இனி நம் வயலுக்கு வருவோம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுகிறோம். ஊரெல்லாம் செங்காந்தள், மாநில மலர் என்று பெருமை பேசுகிறது. அதை விளைவிக்கிற பாடு யாருக்குத் தெரியும்? கிழங்கு வாங்கி நட்டு, கொடி ஏறக் கம்பி கட்டி, பூ எடுக்கிற காலத்தில் விடிகாலையில் நம் பெண்கள் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். விதையில் இருந்து எடுக்கிற கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்தாகக் கப்பல் ஏறுகிறது. விதைக்கு விலை? வியாபாரி போனில் சொல்வதுதான் விலை. ஒரு வருஷம் ஏற்றிவிடுவான், ஆசைப்பட்டு எல்லோரும் போடுவோம், அடுத்த வருஷம் பாதியாக இறக்குவான். "ஈரம் இருக்குது" என்று எடையிலும் கழிப்பான். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் உண்டு. கண்வலி விதைக்கு என்ன உண்டு?

மருந்துச் செடிகளில் லாபப் பங்கு கேட்க 2002-ல் உயிர்ப்பன்மைச் சட்டம் வந்தது. 2023-ல் அதைத் திருத்தினார்கள். ஏட்டில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிறவருக்கும், வயலில் பயிர் செய்த மூலிகையை வாங்குகிறவருக்கும் விலக்குக் கொடுத்தார்கள். விவசாயிக்கு ஃபாரெஸ்ட்டுக்காரன் தொந்தரவு இல்லை, அது நல்லதுதான். ஆனால் இதன் அர்த்தம் என்ன? நம் பொருளில் கம்பெனி எத்தனை கோடி பார்த்தாலும் நமக்கு வருவது களத்து விலை மட்டும்தான். அந்த விலையையும் அவனே சொன்னால் நாம் எங்கே போவது?

பங்கு கொடுக்கவே முடியாது என்று சொல்லாதீர்கள். அகத்தியர் மலைக் காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சையை 1987-ல் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காட்டினார்கள். அதில் இருந்து "ஜீவனி" என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு ஆனது. அதில் குறைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காட்டில் வழி காட்டியவனுக்கும் கணக்கில் பங்கு உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள் இல்லையா?

2012-ல் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர். 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர். ஆபத்து வந்தால் ஊர் முழுக்க அண்டாவில் ஊற்றுகிறார்கள். நிலவேம்புக் குடிநீருக்கு ஒன்பது சரக்கு வேண்டும். அதை விளைவிக்கிறவனையும் அடையாளம் காட்டுகிறவனையும் காய்ச்சல் போனதும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. கண்வலி விதை உள்ளிட்ட மருந்துப் பயிர்களுக்கு அரசே குறைந்தபட்ச விலை அறிவித்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதல் செய்ய வேண்டும். எடை, ஈரம் எல்லாம் நம் கண் முன்னால் பார்க்க வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள சித்த மருத்துவர் தலைமையில் கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி வேண்டும். செடி அடையாளம், பறிக்கும் முறை, கைவைத்தியம், எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது பாடமாக இருக்கட்டும். செடி தெரிந்த பெரியவர்களையும் மருத்துவச்சிகளையும் சம்பளம் கொடுத்து ஆசான்களாக உட்கார வைக்க வேண்டும்.

3. காசுக்குச் சான்றிதழ் விற்கும் கூட்டத்தின் மீது நடவடிக்கை வேண்டும்.

4. ஒவ்வொரு ஊராட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு பேருக்கு இல்லாமல் கூட வேண்டும். நம் ஊர் மூலிகைகளின் பதிவேட்டைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

அரசுக்கு நாலு கோரிக்கை. நமக்கு நாமே ஒன்று: ஆளுக்கு ஒரு வரப்பிலாவது களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துவோம்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு வாங்க. பதிவேட்டைக் கேளுங்க. இல்லை என்றால் தீர்மானம் போடச் சொல்லுங்க. போட மறுத்தால் தாலுகா ஆபீஸ் வாசலில் கண்வலி விதைச் சாக்கோடு உட்காருவோம். வரும்போது உங்கள் ஊரில் செடி தெரிந்த பெரியவர் யாராவது மிச்சம் இருந்தால் அவரையும் கூட்டி வாங்க. இந்தத் தடவை அவருக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

மருந்து விளைவிக்கும் உழவனுக்கு விலை கொடு!
மூலிகை தெரிந்த பெரியவருக்கு மதிப்புக் கொடு!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்