கோல் விழுந்தது மைதானத்தில். கோப்பை முடிவானது கோர்ட்டில்!

இந்தியக் கால்பந்தின் 2-வது டிவிஷனான ஐ-லீக் 2024-25 பந்தயம் ஏப்ரல் 6-ந்தேதி முடிந்தது. ஆனால் சாம்பியன் யார் என்று உறுதியாகத் தெரிய ஜூலை 18 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

கடைசி ஆட்டம் முடிந்தபோது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி. இன்டர் காசி 39. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

வில்லங்கம் ஜனவரியிலேயே முளைத்து விட்டது. நாம்தாரி அணி 2-0 என்று காசியை ஜெயித்தது. மஞ்சள் அட்டை தடையில் இருந்த ஆட்டக்காரரை இறக்கி விட்டார்கள் என்று காசி புகார் செய்தது. சம்மேளனத்தின் ஒழுங்கு கமிட்டி 3 புள்ளி கொடுத்தது. அப்பீல் கமிட்டி பறித்தது. ஏப்ரலில் சர்ச்சில்தான் சாம்பியன் என்று அறிவிப்பும் வந்தது.

காசி விடவில்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. ஆட்டக்காரர் பதிவு பற்றிய இன்னொரு வழக்கும் சேர்ந்து கொண்டது. இரண்டிலும் காசிக்கே ஜெயம். கணக்கு 42 புள்ளி ஆனது!

இது வெறும் கோப்பைச் சண்டை அல்ல. 2022-23 முதல் இங்கே ஜெயிப்பவருக்குத்தான் ஐ.எஸ்.எல். கதவு திறக்கிறது. விளம்பரப் பணம், ஆட்டக்காரர் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம்.

தடைப் பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே சரி பார்த்திருந்தால் பாதி வம்பு வந்திருக்காதே! டிக்கெட் வாங்கி வந்த ரசிகன் பார்த்தது ஒரு முடிவு. பேப்பரில் படித்தது வேறு முடிவு. அவனுக்கு யார் பதில் சொல்வது?