கூலிக்காரனுக்கு எதற்குக் கசரத்து?

"நாள் முழுதும் மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு வேறு தேகப் பயிற்சி எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் இன்னும் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து வாலிபர்களுக்கு ஒரு பயிற்சிக் கூடம் வேண்டும் என்று நாம் சொன்னால், சிரிப்பு வருகிறது அவர்களுக்கு.

தோழர்களே, உழைப்பு வேறு, பயிற்சி வேறு. கரும்பு வெட்டுகிறவனின் இடுப்பு ஒரே பக்கம் வளைகிறது. நாற்று நடும் தாய்க்கு நாற்பது வயதில் முதுகு நிமிர மறுக்கிறது. விருத்தாசலம் பீங்கான் சூளையில் மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் காய்க்கிறது. மண் தூசி நெஞ்சில் இறங்குகிறது. முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணின் விரலை எண்ணெய் அரிக்கிறது. இதற்குப் பெயரா தேகப் பயிற்சி? உழைப்பு உடம்பை முதலாளிக்காகச் செலவழிக்கிறது. பயிற்சியோ அதை நமக்காகச் சேர்த்து வைக்கிறது.

சர்வகலாசாலைகளில் தேகப் பயிற்சிக் கூடம் வந்த கதையைக் கேளுங்கள். 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே திடலில் லுட்விக் யான் என்ற ஆசிரியர் கம்பமும் கயிறும் நட்டு வாலிபர்களைத் திரட்டினார். நெப்போலியன் படையை விரட்டுவதே அவர் எண்ணம். (யான் பாட்டாளித் தோழர் அல்ல, குறுகிய தேசியவாதி. அதையும் மறைக்க வேண்டாம்.) ஆனால் வலுவான வாலிபர்கள் ஒன்று கூடுவதைக் கண்டு பிரஷ்ய மன்னனுக்கே நடுக்கம் வந்தது. 1820இல் தடை போட்டான். 1842 வரை அந்தத் தடை நீடித்தது. கம்பத்தில் தொங்குவதற்குத் தடை! ஆளும் கூட்டம் எதைக் கண்டு அஞ்சுகிறது என்று பாருங்கள்.

ஜெர்மனியில் தேடப்பட்டு அமெரிக்காவுக்குத் தப்பிய சார்லஸ் ஃபாலன் என்ற புரட்சிக்காரர் 1826இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் கூடம் அமைத்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் அதுதான் முதலாவது. பின்னால் அவர் நீக்ரோ அடிமை முறையை எதிர்த்துப் பேசினார். 1835இல் ஹார்வர்டில் அவர் பதவி முடிந்தது. கூடத்தைக் கட்டியவர் வெளியே. பணக்காரப் பிள்ளைகள் உள்ளே!

தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1893இல் ஜெர்மனியில் கெரா நகரில் சொந்தமாகத் தேகப் பயிற்சிச் சங்கம் கண்டார்கள். 1925இல் ஃபிராங்க்பர்ட்டில் தொழிலாளர் ஒலிம்பிக் நடத்தினார்கள். 1933இல் ஹிட்லர் அச்சங்கத்தை நசுக்கினான்.

நம் நாட்டில்? 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரியை அமெரிக்கரான ஹாரி பக் தொடங்கினார். உடற்பயிற்சி ஆசிரியர்கள் அங்கிருந்து பள்ளிகளுக்குப் போனார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பண்ணையாள் பிள்ளைக்கு அந்த விசில் சத்தம் எப்படிக் கேட்கும்?

நம் பக்கத்துச் சிதம்பரத்துக்கு வருவோம். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார் என்று புகழ்கிறார்கள். அவர் பிறந்த சமூகத்தின் பெரிய லேவாதேவிக் களம் பர்மா. அங்கே கீழ்ப் பர்மாவின் 13 நெல் ஜில்லாக்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938இல் 25 பங்காயிற்று. விலை வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் வயல் அது. கல்விக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. கொடையின் வேரில் யாருடைய வியர்வை என்றுதான் கேட்கிறோம்.

2013இல் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சர்க்கார் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. இப்போது அது ராஜா வீட்டுச் சொத்து அல்ல. ஜனங்களின் வரிப் பணத்தில் நடப்பது. தீப்பெட்டி வாங்கும் பண்ணையாளும் வரி கட்டுகிறான். அவன் மகன் போலீஸ் தேர்வுக்குப் போனால் கயிறு ஏறச் சொல்கிறார்கள், 1500 மீட்டர் ஓடச் சொல்கிறார்கள். கயிறு எங்கே இருக்கிறது? புளியமரக் கிளையில்! ஓடுபாதை எங்கே? கரும்பு லாரி போகும் ரோட்டில், விடியுமுன் இருட்டில்! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காசு கட்டிப் பழகிக்கொண்டு வந்து அதே வரிசையில் நிற்கிறான். இதற்குப் பெயர் சமமான போட்டியாம்!

ஆகவே கேட்கிறோம்: சிதம்பரத்திலும் விருத்தாசலம் அரசுக் கல்லூரியிலும் உள்ள மைதானமும் பயிற்சி வசதியும் காலை மாலை இரு வேளையும், கோடை விடுமுறை முழுவதும், சுற்று வட்டாரத் தொழிலாளர் வீட்டுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் கட்டணமின்றித் திறக்கப்படட்டும். பயிற்சியாளர் சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கம்பம், ஒரு கயிறு, ஒரு மணல் குழி போட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? கிராம சபை கூடும்போது விவசாயத் தொழிலாளர்களும் வாலிபர்களும் திரளாகப் போய் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள்.