மீகாளின் ஜன்னல்

"கர்த்தருடைய சந்நிதியில் என்ன விளையாட்டு?" கிறிஸ்தவச் சேரிகளில் வளர்ந்தவர்கள் இந்த அதட்டலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஜெபம் என்றால் முழங்கால், கண்ணீர், தாழ்ந்த குரல். மே மாதம் வி.பி.எஸ். நடக்கும் பத்து நாள் மட்டும் பிள்ளைகள் ஆடிப் பாடலாம். அடுத்த ஞாயிறு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

நாம் கற்றுக்கொண்ட ஜெபம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனு மாதிரி இருக்கிறது. கைகட்டி நின்று, குறையைச் சொல்லி, அய்யா பார்த்துச் செய்யுங்கள் என்று திரும்பி வருவது. பண்ணையார் முன்னால் நின்ற அதே நிற்பு. இதைப் பக்தி என்கிறார்கள். நான் சாதி என்கிறேன்.

வேதம் அப்படித்தான் சொல்கிறது என்பவர்கள் 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தைத் திறக்கட்டும். உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்குள் வருகிறது. தாவீது தன் முழுப் பலத்தோடு ஆடுகிறான். ஜன்னல் வழியாகப் பார்த்த சவுலின் மகள் மீகாள் அவனை மனதுக்குள் இகழ்கிறாள். (அப்பனும் புருஷனும் அவளைப் பந்தாடிய கதை தனி.) அவள் வாய்திறந்து சொன்ன குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: வேலைக்காரப் பெண்களின் கண்முன்னே இப்படி நடந்துகொண்டாயே! அரண்மனைக்கு வலித்த இடம் அது. தாவீதும் விடவில்லை. நீ சொல்கிற அந்தப் பெண்களிடம்தான் எனக்கு மதிப்பு என்கிறான்.

சகரியா 8இல் மீட்கப்பட்ட எருசலேமுக்கு என்ன அடையாளம்? தெருக்களில் விளையாடும் பிள்ளைகள். ஊர்த் தெருவில் சேரிப் பிள்ளை பந்து உருட்டினால் அடி விழுகிற நாட்டில் அந்த வசனத்தை எப்படிப் பிரசங்கிப்பீர்கள், பாஸ்டர்?

பறையைத் தூக்கிப்போட்டதுதான் எங்கள் விடுதலை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஊர்ச் சாவுக்கு அடி என்றால் அடித்தாக வேண்டும் என்றிருந்த காலம் அவர்கள் உடம்பில் இருக்கிறது. அந்த அடிமை வேலையை மறுத்தது போராட்டம். ஆனால் ஏவி வாங்கினால் அது ஊழியம். யாரும் ஏவாமல் நாமே எடுத்து அடித்தால்தான் விளையாட்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு இதைப் புரிந்தவர். இறையியல் அறிஞர் தனக்குப் 'பறட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டதே ஒரு குறும்பு. நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளைத் தாயாகவும் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதைப் பரலோக ராஜ்ஜியம் என்றார்.

அவர் மறைந்தது 2005இல். இப்போது பல சபைகளில் நவம்பர் மாதம் தலித் விடுதலை ஞாயிறு அன்று மட்டும் பறை உள்ளே வருகிறது, போட்டோவுக்கு. மீதி ஞாயிறுகளில் கீபோர்டு.

போராட்ட நேரத்தில் ஜெபமே வெட்டி வேலை, அதில் விளையாட்டு வேறா என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று. கோயிலுக்குப் போகாதீர்கள், உங்கள் விருப்பம். ஆனால் நம் அம்மாக்கள் போகிறார்கள். தனிக் கல்லறை வைத்திருக்கும் சபைகளுக்கே போகிறார்கள். அங்கே அவர்கள் அழ மட்டும்தான் அனுமதி என்று தீர்மானித்தது யார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்திலேயே கேட்கலாம்: நவம்பர் தவிர எந்த ஞாயிறு?